மணிக்கட்டு வரைக்கும்

ஆறு வருசமாய் நான் தைப்பது
பின் ஜோப்பு.
மணிக்கு எண்பது. போர்டில் சாக்பீசால் எழுதியிருக்கும்.
ஜிப்பு மினதிக்கு,
இடுப்புப் பட்டை அடுத்த வரிசைக்கு.
காலோடு காலை இணைப்பவர் யாரென்று
கேட்டதில்லை, வேறு ஷெட்டு.

கடையில் எடுத்தால்
இடுப்பு சரியானது தொடையில் ஏறாது.
தொடையில் ஏறியது இடுப்பில்
கோழிக்குஞ்சு புகுந்து வெளியேறும் அளவு நிற்கும்.
முன் ஜோப்பில் இரண்டு கணு விரல் போகும்.
சில மாடலில் ஜோப்பே கிடையாது,
ஜோப்பு மாதிரி ஒரு தையல்.
அந்தப் பொய்யையும் தைத்திருக்கிறேன்,
ஒரு சீசன் முழுக்க, ஓவர்டைம் போட்டு.

காதர்பேட்டையில் கட் பீஸ் டெனிம்
எடை போட்டுத் தருகிறார்கள்.
"பைக்குங்களா, மெத்தை உறைக்குங்களா?"
"எனக்குங்க."
ஒன்றேகால் கிலோ வந்தது.

மாதக் காலண்டரைக் கிழித்து
மார்ச்சையும் ஏப்ரலையும் ஒட்டினால் ஒரு கால்.
முகூர்த்த நாளெல்லாம் தொடைப்பக்கம் விழுந்தது.
லைன் வீட்டில் ஏழாவது கதவு,
சீட்டு எடுத்து வாங்கிய கால் மிசின்,
பதினெட்டாம் நம்பர் ஊசி மூன்று ஒடிந்தது.
கரண்ட் போன நேரம்
தங்கமுத்து செல்போன் லைட்டைப் பிடித்துக்கொண்டு
"எனக்கா?" என்றார்.
"எனக்கு."
"ஓ."
அந்த ஓவுக்குள் எத்தனை மடிப்பு என்று
நான் பிரித்துப் பார்க்கவில்லை.
தொடை இரண்டும் கூடுமிடத்தில்
எட்டு மடிப்பு எனக்காகக் காத்திருந்தது.

ஊசி இறங்கவில்லை.
குழவியை எடுத்து வந்து நசுக்கினேன்.
பூண்டு வாசம் ஏறிவிட்டது துணியில்.
ஆறாவது கதவிலிருந்து குரல்:
"ஏனுங்க்கா, பத்து மணிக்கு மேல சட்னியா?"

ஞாயிற்றுக்கிழமை மினதி வந்தாள், பாலங்கீர்க்காரி.
கண்ணை மூடிக்கொண்டு ஜிப்பு வைப்பாள்.
வைத்தாள்.
வேறெதுவும் அவளுக்கும் தெரியாது.
ஆளுக்கொரு இட்லி தின்றபடி
மீதியை இருவரும் தெரியாமலே தைத்தோம்.

முன் ஜோப்புக்கு உள்துணி அவருடைய பழைய வேட்டி.
கையை விரித்து வைத்து வரைந்தேன்,
மணிக்கட்டுத் தாண்டி இன்னும் நாலு விரல்.
பின் ஜோப்பு வைக்கவில்லை.
"மறந்தியா?" என்றாள் மினதி.
"ம்" என்றேன்.

இடது கால் லேசாக முறுக்கி
உள்பக்கம் பார்க்கிறது.
செக்கிங்கில் போட்டால் ரிஜெக்ட்.
திங்கட்கிழமை அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன்.

சாயங்காலம் கேட்டில் வரிசை.
தினமும் இரண்டு தட்டுத் தட்டி
போ என்கிற பழனாத்தாள்
தட்டினாள், நின்றாள்,
கையை உள்ளே விட்டாள்.
போய்க்கொண்டே இருந்தது கை.
வளையல் இடறித்தான் நின்றது.
"ஏ புள்ள, இதென்ன ஜோப்பா, கெணறா?"
சாவி, பஸ்ஸுக்குச் சில்லறை,
பாதி கடலை மிட்டாய், ஒரு பாபின்.
பாபின் என் வீட்டுடையதுதான். சொன்னேன். நம்பினாள்.

பின்னாலிருந்து ஒருத்தி "நானும் பாக்கறேன்" என்று
இன்னொரு பக்கம் கையை விட்டாள்.
அவளுக்குப் பின்னால் சிரிப்பு,
சூப்பர்வைசர் எட்டிப் பார்க்கிறார்,
பெருமாநல்லூர் பஸ் ஆரன் அடிக்கிறது.

பழனாத்தாள் கையை எடுக்கக் காணோம்.
"என்ற காக்கிச் சேலைக்கு
இப்பிடியொண்ணு வெக்க முடியுமா?
எத்தன மீட்டர் ஆகும்?"

"மீட்டர்ல இல்லீங்க,
கிலோவுல வாங்கோணும்" என்றேன்.